அச்சு ஏன் முறிகிறது? ஒரு துருக்குழியின் வரலாறு

இது சற்று நீளமான பதிவு. பாதியில் விட்டாலும் வருத்தமில்லை. ஆனால் வீட்டில் லாரி, டெம்போ, டிராக்டர் டிரெய்லர் என்று எதுவும் வைத்திருப்பவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு வண்டியைக் காட்டுகிறார். ஏற்றியிருக்கும் சரக்கு மயிலிறகு. அதைவிட லேசான சரக்கு எது? ஆனாலும் அளவு மீறி ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்கிறார். தாங்கும் சக்தி இவ்வளவு, சுமை அதைத் தாண்டினால் முறியும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு.

சரி, சுமை தாண்டாத வண்டியின் அச்சு ஏன் முறிகிறது? பத்து வருடம் அதே பாரத்தைச் சுமந்த அச்சு, ஒரு நாள் காலை நல்ல ரோட்டில், பாதி பாரத்தோடு போகும்போது, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் இரண்டாகப் போய்விடுகிறதே, அது ஏன்? இந்தக் கேள்விக்கு முழு விடை கிடைக்க ஏறக்குறைய நூறு வருடம் ஆனது. அந்த நூறு வருடக் கதையில் கடைசியாக உள்ளே வந்த குற்றவாளிதான் துரு.

நான் பொறியாளன் அல்ல. இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து, ஓய்வு பெறும் வரை நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலும் கணக்கும் நடத்தியவன். அந்த அளவில் எனக்குப் புரிந்ததை, வகுப்பில் சொல்வதுபோலவே சொல்கிறேன்.

1842 மே 8. ஞாயிற்றுக்கிழமை. பிரான்ஸ் மன்னர் லூயி பிலிப்பின் விழாவை ஒட்டி வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் கொண்டாட்டம். அதைப் பார்த்துவிட்டு மாலையில் பாரிஸ் திரும்பிக்கொண்டிருந்த கூட்டம் நிறைந்த ரயில், மெதோன் என்ற ஊருக்கு அருகே வரும்போது, முன்னால் இழுத்த எஞ்சினின் அச்சு முறிந்தது. எஞ்சின் சாய, பின்னால் வந்த எஞ்சினும் பெட்டிகளும் அதன்மேல் ஏறின. எஞ்சின் அடுப்பின் நெருப்பு மரப் பெட்டிகளைப் பிடித்தது. அந்தக் காலத்தில் பயணிகள் இடையில் இறங்கிவிடக் கூடாது என்று பெட்டிக் கதவுகளை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். உள்ளே இருந்தவர்களால் வெளியே வர முடியவில்லை. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். சரியான எண்ணிக்கை கடைசிவரை தெரியாமலே போயிற்று. அண்டார்டிகா வரை கப்பலில் போய் உயிரோடு திரும்பி வந்த கடலோடி துமோன் துர்வில், மனைவியோடும் மகனோடும் அந்தப் பெட்டிகளில் ஒன்றில் எரிந்து போனார். தென்துருவப் பனியில் பிழைத்தவர், தலைநகருக்குப் பக்கத்தில், விடுமுறை நாள் ரயிலில் போய்விட்டார்.

கதவைப் பூட்டும் வழக்கம் அதன்பின் பிரான்ஸில் கைவிடப்பட்டது. அது சுலபம். அச்சு ஏன் முறிந்தது என்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

முறிந்த அச்சின் வாயைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றைச் சொன்னார்கள். ஒரு பகுதி வழவழவென்று கறுத்துக் கிடக்கிறது. மீதிப் பகுதி உப்புக்கல் உடைந்ததுபோலப் பளபளவென்று மணல் மணலாக இருக்கிறது. நல்ல தேனிரும்பை உடைத்தால் நார் நாராக வரவேண்டும் அல்லவா? ஆக, ஓடி ஓடி அதிர்ந்ததில் நாராக இருந்த இரும்பு படிகமாக மாறிவிட்டது, அதனால்தான் ஒடிகிறது என்று முடிவு கட்டினார்கள். இந்த எண்ணம் பல வருடம் நின்றது. இன்றும் பட்டறைகளில் பெரியவர்கள் “இரும்பு செத்துப் போச்சு” என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஏறக்குறைய அதே எண்ணம்தான்.

ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், ராங்கின் என்று பெயர், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். பின்னாளில் நீராவி எந்திர அறிவியலில் பெரிய பெயர் எடுத்தவர். வெர்சாய் விபத்துக்கு அடுத்த வருடமே, 1843இல், முறிந்த ரயில் அச்சுகளைப் பற்றி ஒரு கட்டுரை கொடுத்தார். இரும்பு மாறவில்லை, விரிசல்தான் வளர்ந்திருக்கிறது என்பது அவர் கருத்து. தடிமனான அச்சை முனையில் சிறுத்துக் கடைந்து சக்கரத்துக்கோ பேரிங்குக்கோ இடம் செய்கிறார்கள். தடிமன் மாறும் அந்த மூலை, நம் ஊர் லேத் பட்டறைகளில் ‘ஷோல்டர்’ என்பார்களே, நான் தோள் என்று எழுதுகிறேன், அங்கேதான் விரிசல் தொடங்குகிறது என்றார். வெளிவட்டத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், நடுவில் மிச்சம் இருக்கும் நல்ல இரும்பு சுமை தாங்காத அளவுக்குச் சிறுத்ததும், ஒரே நொடியில் ஒடிகிறது. வழவழப்பான பகுதி வருடக்கணக்கில் வளர்ந்த பழைய விரிசல். பளபளப்பான பகுதி கடைசி நொடியில் உடைந்தது. தோளைக் கூர்மையாகக் கடையாமல் வளைவாக விடுங்கள் என்பது அவர் சொன்ன மருந்து. இன்றைக்கும் லேத்தில் நல்ல தொழிலாளி தோளில் ‘ரேடியஸ்’ விடாமல் அச்சைக் கடைய மாட்டார்.

மூலைக்கு என்ன அப்படி ஒரு விசேஷம்? ஷாம்பு பாக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பிடித்து இழுத்தால் பல்லால் கடித்தாலும் கிழியாது. ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைத்திருப்பான், அங்கே பிடித்தால் சரக்கென்று கிழிகிறது. நம் கை இழுக்கும் விசை முழுவதும் அந்த வெட்டின் நுனியில் போய்க் குவிகிறது. கூர்மையான மூலை, ஆழமான கீறல், குழி எல்லாமே இரும்புக்கு அப்படி ஒரு வெட்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ராங்கின் சொன்னதை எல்லாரும் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. இங்கிலாந்துப் பொறியாளர் சங்கங்களில் வருடக்கணக்கில் வாதம் நடந்தது. 1854இல் பிரைத்வைட் என்பவர் ஒரு கட்டுரையில் இதற்கு உலோகத்தின் ‘களைப்பு’ என்ற பெயரைப் பயன்படுத்தினார். நம் பாடப்புத்தகங்களில் ‘உலோகச் சோர்வு’ என்று வரும். எனக்குக் களைப்பு என்ற சொல்லே பிடிக்கும். ஆனால் ஒரு வேறுபாடு: மனுசனுக்கு வந்த களைப்பு தூங்கி எழுந்தால் போகும், இரும்புக்கு வந்தது போகாது.

வாதத்தை நிறுத்தி அளக்கத் தொடங்கியவர் ஜெர்மானியர் ஆகஸ்ட் வோலர். பிராங்க்பர்ட் என்றதும் விமான நிலையம் இருக்கும் பெரிய நகரம் என்று நினைக்காதீர்கள். இது ஓடர் ஆற்றங்கரைப் பிராங்க்பர்ட். அங்கே ரயில்வேயில் வண்டிகளுக்குப் பொறுப்பாளர். ஓடும் ரயிலின் அச்சு எவ்வளவு வளைகிறது என்று அறிய, ஒரு முள் துத்தநாகத் தகட்டில் கீறும்படி அமைத்து, பிரெஸ்லாவுக்கும் பெர்லினுக்கும் இடையே வண்டியை ஓட்டினார். பிறகு பணிமனையில் எந்திரம் கட்டி, அச்சை நிறுத்தாமல் சுழலவிட்டு, முனையில் பாரம் தொங்கவிட்டு, எத்தனையாவது சுற்றில் முறிகிறது என்று எண்ணினார். 1858 தொடங்கி 1870 வரை இந்த ஆராய்ச்சி அறிக்கைகளாக வெளிவந்தது.

ரயில் அச்சு சக்கரத்தோடு சேர்ந்து சுழல்வது. மேலே இருக்கும் இரும்பு அரைச் சுற்றில் கீழே வருகிறது. ஒரு தடவை இழுபடும், அடுத்த நொடி அமுங்கும். நம் ரயில் பெட்டிச் சக்கரம் புதிதில் 915 மில்லிமீட்டர் விட்டம். பிள்ளைகளுக்கு வட்டத்தின் சுற்றளவு நடத்தும்போது இந்தக் கணக்கைப் போடச் சொல்வேன்: ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 350 சுற்று. எழும்பூரிலிருந்து மதுரை போவதற்குள் 1.7 லட்சம் தடவை அந்த அச்சு வளைந்து நிமிர்ந்துவிடும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் ஏழெட்டுத் தடவையில் ஒடிகிறது. அச்சு ஒடிய லட்சம், கோடி தடவை ஆகும். அவ்வளவுதான் வேறுபாடு.

வோலர் கண்டது இது. பாரம் அதிகமானால் குறைந்த சுற்றில் முறியும். குறைந்தால் அதிகச் சுற்று தாங்கும். ஆனால் ஒரு அளவுக்குக் கீழே பாரத்தை இறக்கினால், எத்தனை சுற்று சுற்றினாலும் இரும்பு முறிவதே இல்லை. அப்படி ஒரு வரம்பு இருக்கிறது. இதைக் கேட்ட பொறியாளர்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! அந்த வரம்புக்குக் கீழே இருக்கும்படி அச்சைத் தடிமனாகச் செய்துவிட்டால் அது காலத்துக்கும் ஓடும். ரயில், கப்பல், பிறகு மோட்டார் வண்டி என்று எல்லாவற்றுக்கும் இந்த வரம்பை வைத்தே கணக்குப் போட்டார்கள்.

இந்த வரம்பில்தான் துரு கை வைத்தது.

துரு எப்படிப் பிடிக்கிறது என்று நாம் எல்லாருமே வகுப்பில் மூன்று சோதனைக்குழாய் வைத்துப் படித்திருக்கிறோம். ஒன்றில் ஆணியும் தண்ணீரும். இன்னொன்றில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், மேலே எண்ணெய். மூன்றாவதில் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு. முதல் குழாய் ஆணி மட்டும் துருப்பிடிக்கும். காற்றும் வேண்டும், நீரும் வேண்டும். (யாழ்ப்பாணத்து நண்பர்கள் துருவைக் ‘கறள்’ என்பார்கள். எனக்கு அந்தச் சொல் மேல் ஒரு தனி ஆசை. சொல்லும்போதே சொரசொரப்பு தெரிகிறது.)

ஆனால் அந்தப் பாடம் ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை: துரு ஏன் சில இடத்தில் மேலாகப் படர்கிறது, சில இடத்தில் குழி பறிக்கிறது? கேம்பிரிட்ஜில் யு. ஆர். எவன்ஸ் என்பவர் 1920களில் இதற்காகச் செய்த சோதனை மிக எளிமையானது. துடைத்த இரும்புத் தகட்டின்மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர். ஓரத்தில் காற்று அதிகம் கிடைக்கும், நடுவில் குறைவு. காற்று அதிகம் உள்ள ஓரம் அல்லவா அரிக்கப்பட வேண்டும்? நடந்தது தலைகீழ். காற்று குறைந்த நடுப்பகுதிதான் கரைந்தது. துரு அதைச் சுற்றி வளையமாகப் படிந்தது. நாம் கண்ணால் பார்க்கும் துரு ஒரு இடம், இரும்பு போன இடம் வேறு!

ஒரு குழி விழுந்துவிட்டால் இதே கதை இன்னும் மோசமாகத் தொடர்கிறது. குழியின் அடியில் காற்று எட்டாது, அதனால் அங்கேயே அரிப்பு. மேலே துரு மூடிபோட்டு ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். உப்பு இருந்தால் குழிக்குள் அமிலமே உருவாகும். மேற்பரப்பு முழுவதும் ஒரே சீராகத் துருப்பிடித்த இரும்பு பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் ஆபத்து குறைவு. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குழி விழுந்தது பார்க்கக் கொஞ்சம் சுத்தமாக இருக்கும், ஆபத்து அதிகம். அந்தக் குழி ஒவ்வொன்றும் ஷாம்பு பாக்கெட்டின் வெட்டு.

முதல் உலகப் போரில் கடலில் கண்ணிவெடிகளை அகற்ற, பிரிட்டிஷ் கடற்படை கப்பலின் பக்கவாட்டில் ஒரு மிதவைக் கருவியைக் கம்பி வடத்தில் கட்டி இழுத்துச் சென்றது. கணக்குப்படி அறாத வடங்கள் கடல் நீரில் அறுந்துகொண்டே இருந்தன. 1917இல் ஹேய் என்ற ஆராய்ச்சியாளர், அரிப்பும் களைப்பும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் என்ன ஆகும் என்று உலோகங்களைச் சோதித்துப் பார்த்தார். அடுத்து அமெரிக்கக் கடற்படையின் அன்னாபொலிஸ் சோதனை நிலையத்தில் மெக்ஆடம் என்பவர் 1926 வாக்கில் எஃகுக் கம்பிகளைச் சுழலவிட்டு, அவற்றின்மேல் தண்ணீரை ஓடவிட்டார். கடல் நீர்கூட இல்லை, சாதாரண நல்ல தண்ணீர்.

வோலரின் வரம்பு காணாமல் போனது. உலர்ந்த காற்றில் எத்தனை கோடி சுற்றும் தாங்கிய அதே பாரத்தில், ஈரத்தில் எஃகு முறிந்தது. பாரத்தை இன்னும் குறைத்தாலும், நேரம் கூடியதே தவிர, முறியாமல் இருக்கவில்லை. என்னைத் தூக்கிவாரிப் போட்டது இன்னொரு முடிவு: விலை உயர்ந்த, அதிக வலிமையுள்ள எஃகு, சாதாரண எஃகைவிட ஈரத்தில் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. நல்ல ஸ்டீல் போட்டிருக்கிறேன், துருப்பிடித்தாலும் ஒன்றும் ஆகாது என்பவர்களுக்கு 1926லேயே பதில் சொல்லிவிட்டார் மெக்ஆடம்.

அரிப்பு குழி பறிக்கிறது. களைப்பு அந்தக் குழியிலிருந்து விரிசலைத் தொடங்குகிறது. விரிசலுக்குள் ஈரம் புகுந்து மேலும் அரிக்கிறது. இரண்டும் மாறி மாறி ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. இதெல்லாம் பழங்கதை என்றும் சொல்ல முடியாது. 1996 மார்ச் 8 அன்று இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு ஊருக்கு அருகே ரிக்கர்ஸ்கோட் என்ற இடத்தில் ஒரு சரக்கு ரயில் பெட்டியின் அச்சு முறிந்து தடம் புரண்டது. எதிரே வந்த அஞ்சல் ரயில் அதில் மோதி, தபால் பிரிக்கும் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். அச்சில் துரு அரித்த இடத்திலிருந்து வளர்ந்த விரிசல்தான் காரணம். வோலருக்கு நூறு ஆண்டுக்குப் பிறகு, எல்லாச் சோதனைக் கருவியும் கையில் இருந்த காலத்தில்.

இனி நம் ஊர் லாரிக்கு வருவோம். எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. ஜாம்ஷெட்பூரில் டாடா, பென்ஸ் கூட்டில் 1954 முதல் லாரி செய்தது. அந்த லாரிகளை வாங்கி, பாடி கட்டி, ஓட்டி, பிரித்து, மறுபடி கட்டி, ஒரு தொழிலையே உருவாக்கியவர்கள் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கத்து மக்கள். பெரும்பாலும் விவசாயக் குடும்பங்கள். அதற்கு முன் அவர்களுக்குத் தெரிந்த அச்சு கட்டைவண்டி அச்சு. வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்து அதற்கு மை போடுவார்கள். உராய்வுக்காகப் போட்ட மை, ஈரம் அண்டாமலும் காத்தது. லாரிக்கு அந்த வேலையை கிரீஸும் ஆயில் சீலும் செய்கின்றன. சீல் போனால் இரண்டு வேலையும் போயிற்று.

லாரி அச்சும் ரயில் அச்சும் ஒன்றல்ல. லாரியின் பின்பக்கம், பாரத்தைத் தாங்குவது வெளியே இருக்கும் குழாய் போன்ற கூடு. உள்ளே இருக்கும் ஆக்சில் ஷாஃப்ட் சக்கரத்தைத் திருப்புவதற்கு மட்டும். அது முறிந்தால் வண்டி நின்றுபோகும், சக்கரம் கழன்று ஓடாது. முன்பக்கம் அப்படி இல்லை. ஸ்டப் ஆக்சில் என்கிற குட்டையான தண்டு சுழலாமல் நிற்க, அதன்மேல் சக்கரம் சுழல்கிறது. ஒவ்வொரு பள்ளமும், ஒவ்வொரு பிரேக்கும், ஒவ்வொரு திருப்பமும் அதை வளைக்கிறது. அது முறிந்தால் சக்கரம் தனியாகப் போகும், ஸ்டீயரிங் கையில் சும்மா இருக்கும். எதிரே பள்ளி வேன் வருகிறதா, மாட்டு வண்டி வருகிறதா என்பது அவரவர் விதி.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர் ஒருவர் நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். அந்த வழியாகப் போனால் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டார். சமீபத்தில் போனபோது ஒரு பழைய லாரியின் முன் ஸ்டப் ஆக்சில் கழற்றிப் பெஞ்சில் கிடந்தது. மீன் ஏற்றிய வண்டியாம். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் அச்சின் மேல் சொட்டியிருக்கிறது. தூத்துக்குடியில் உப்பு ஏற்றும் லாரிகளுக்கும் இதே கதிதான் என்றார். பிறகு கொஞ்ச காலம் வண்டி நின்றும் போயிருக்கிறது. ஓடாமல் நின்ற வண்டியின் பேரிங்கைக் கழற்றினால், ரோலர்கள் நின்ற இடத்தில் அதே இடைவெளியில் கோடு கோடாக அரித்திருக்கும் என்று எடுத்துக் காட்டினார்.

“சார், கம்பி பிரஷ் போட்டாச்சுங்க. இப்பப் பாருங்க, பளபளன்னு இருக்குது. ஆனா நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க.”

இழுத்தேன். இரண்டு இடத்தில் நகம் மாட்டியது. ஒன்று ஆயில் சீல் உட்காரும் இடம். இன்னொன்று தோள், ராங்கின் சொன்ன அதே மூலை.

வண்டிக்காரரும் அங்கேதான் இருந்தார். ஒற்றை லாரி, அவரே டிரைவர், தவணை பாக்கி. “ஏனுங்க தம்பி, உப்புத்தாள் போட்டு நல்லாத் தேய்ச்சு மாட்டி விட்டுருங்க. அடுத்த ட்ரிப் முடிச்சு வந்து புதுசு வாங்கிக்கலாமுங்க” என்றார். அவர் கேட்டதில் பேராசை ஒன்றும் இல்லை. அந்த ட்ரிப் போகாவிட்டால் தவணை இல்லை.

சீல் உட்காரும் இடத்தைப் பற்றி மாணவர் கவலைப்படவில்லை. அங்கே குழி இருந்தால் சீல் கிழியும், கிரீஸ் ஒழுகும், தண்ணீர் புகும். அதற்கு மேல் மெல்லிய துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ் ஒன்றைத் தட்டி ஏற்றிவிடலாம். கால் மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகத் தடிமன். பழைய அளவு சீலே அதன்மேல் உட்காரும். ஏற்றுவதற்கு முன் குழிகளை நிரப்பித் தட்டையாக்கிக்கொள்ள வேண்டும்.

பேரிங் உட்காரும் இடம் நடுத்தரம். மேலோட்டமான கறை என்றால் நைஸ் உப்புத்தாளில் எண்ணெய் விட்டுச் சுற்றித் தேய்த்து, மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அளவு குறையாமல் இருந்தால் மாட்டலாம். அளவு குறைந்திருந்தால் பேரிங்கின் உள்வளையம் அச்சின்மேல் வழுக்கிச் சுற்றி, சூடாகி, இருக்கிற அச்சையும் தின்றுவிடும்.

தோளில் குழி என்றால்? “அதுக்கு மட்டும் வைத்தியமே இல்லைங்க சார்.”

வெல்டிங் வைத்து நிரப்பிக் கடையலாமே என்று கேட்டேன். பலபேர் அப்படிச் செய்வதை நானே பார்த்திருக்கிறேன். அவர் தலையை ஆட்டினார். அச்சு இரும்பு கார்பன் அதிகமுள்ள, பதம் போட்ட இரும்பு. வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் பதம் மாறி, ஆறும்போது நொறுங்கும் தன்மைக்கு வரும். குழி மூடியதுபோல இருக்கும், அதன் ஓரத்தில் புதிய விரிசல் காத்திருக்கும். ரயில்வேயில் அச்சின்மேல் வெல்டிங் வைப்பதற்கே தடை. ஆசிட்டில் போட்டுத் துருவைக் கழுவுவதும் அப்படியே: அமிலத்தில் கிளம்பும் ஹைட்ரஜன் பதம் போட்ட எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்க வைக்கும். அரிவாளுக்குப் புளி தேய்க்கலாம், எலுமிச்சம்பழம் தேய்க்கலாம். அச்சு வேறு சாதி.

பிறகு அவர் செய்ததைப் பார்த்துத்தான் இந்தப் பதிவையே எழுத நினைத்தேன். அச்சை நன்றாகக் கழுவி, மண்ணெண்ணெய் கலந்த எண்ணெயில் ஊறவைத்து, எடுத்துச் சுத்தமாகத் துடைத்துக் காயவைத்தார். பிறகு சாக்பீஸ் பொடியை ஸ்பிரிட்டில் கரைத்துத் தோளைச் சுற்றிப் பூசினார். அது காய்ந்து வெள்ளையானதும் சுத்தியலால் நாலு தட்டு தட்டினார். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளையின்மேல், ஒரு அங்குல நீளத்துக்கு, பென்சிலால் போட்டதுபோல ஒரு எண்ணெய்க் கோடு எழுந்தது. விரிசலுக்குள் புகுந்த எண்ணெய், சுண்ணப் பொடி உறிஞ்ச வெளியே வந்துவிட்டது. காந்தமும் இரும்புத்தூளும் வைத்துப் பார்ப்பது, கேளா ஒலி அலை விட்டுப் பார்ப்பது எல்லாம் வருவதற்கு முன் ரயில்வே பணிமனைகளில் நெடுங்காலம் இருந்த முறை இது. இவர் பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்த உறவினர் ஒருவரிடம் கற்றுக்கொண்டதாம். வேலைக்காலம் முழுவதும் கையில் சாக்பீஸ் பிடித்தவன் நான். அதற்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

வண்டிக்காரர் அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “ட்ரிப்பு முடிச்சு” என்று மறுபடி அவர் சொல்லவில்லை.

இந்த விரிசல் பரிசோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. கோடு வந்தால் விரிசல் நிச்சயம். கோடு வராததால் அச்சு நல்லது என்று ஆகிவிடாது. துருவே விரிசல் வாயை அடைத்துக்கொண்டிருந்தால் எண்ணெய் புகாது. அதனால் தோளில் நகம் மாட்டினால், கோடு வந்தாலும் வராவிட்டாலும் அந்த அச்சை மாட்டக் கூடாது என்பது அவர் வைத்திருக்கும் விதி. முடிந்தவர்கள் காந்தச் சோதனை செய்துகொள்வது நல்லது.

லாரி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது: ஆயில் சீல் ஒழுகினால் அடுத்த சர்வீஸ் வரை தள்ளாதீர்கள். வெள்ளத்தில் ஹப் மூழ்கிய வண்டியை, ஓடுகிறதே என்று ஓட்டாமல், கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் வையுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் இடையிடையே கொஞ்சம் நகர்த்தி வையுங்கள். உப்போ மீனோ ஏற்றினால் ட்ரிப் முடிந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுங்கள். துருவின்மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். அது உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்த வண்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பழைய வண்டி உடைக்கும் இடத்திலிருந்து நல்ல ஸ்டப் ஆக்சில் ஒன்றைக் கொண்டுவந்து, அதையும் எண்ணெயில் ஊறவைத்து, சாக்பீஸ் பூசிப் பார்த்துவிட்டு, கடனுக்குத்தான் மாட்டிக் கொடுத்தார் மாணவர். ஒரே நிபந்தனை, பழைய அச்சு பட்டறையிலேயே இருக்க வேண்டும். அதைப் பழைய இரும்புக் கடைக்கு அப்படியே போடவும் இல்லை. கேஸ் கட்டிங் வைத்து நடுவில் இரண்டாக அறுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, “முழுசாப் போட்டா, யாராச்சும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சு, வேற வண்டிக்கு மாட்டிருவாங்க சார்” என்றார்.